கீபோர்டு உங்களுது, போட்டோ என்னுது

முகையூரில் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஜெயத்துக்குப் பிடிவாதக்காரி என்ற பெயர் பதினேழு வயதிலேயே வந்துவிட்டது. அப்போது அவள் கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகிறவர்கள். வீட்டில் வாத்தியம் எதுவும் கிடையாது. கோயில் கீபோர்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விரல் வைத்து வைத்துத் தானே கற்றுக்கொண்டாள். திருவிழாத் திருப்பலிக்கு நான் வாசிக்கிறேன் என்று கேட்டபோது, பெண் பிள்ளைகள் பாடினால் போதும் என்றார்கள். நேரே பங்குச்சாமியாரிடம் போய் நின்றாள்.

"வாசிக்கிற பையனையும் என்னையும் உக்கார வச்சிக் கேளுங்க ஃபாதர். யாரு நல்லா வாசிக்கிறாங்களோ அவங்க வாசிக்கட்டும்."

சாமியார் கேட்டார். அந்த வருடம் பையன்தான் ஜெயித்தான். அடுத்த வருடமும் போய் நின்றாள், தோற்றாள். மூன்றாம் வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் முப்பத்தொன்பது வயதாகிற இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பாள். முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புக்குக் கூப்பிட்டால் போவாள். மற்ற நாளெல்லாம் கடை. வீட்டுத் திட்டம், நூறு நாள் வேலை அட்டை, குடிநீர் இணைப்பு மனு என்று அலுவலகத்துக்கு வருகிறவர்களின் காகிதமெல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஒரே ஒரு காகிதம் குறைந்ததற்காக வெயிலில் திரும்பி நடக்கிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, எதற்கும் ஒரு அத்தாட்சி வேண்டும் என்பது அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. "இவ கத்திரிக்கா வாங்கினாக்கூட பில்லு கேப்பா" என்று கேலி செய்வான் அவள் கணவன் இருதயராஜ். அவன் கொத்தனார்.

ஃபெஞ்சல் புயல் மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது அவளுடைய சொந்தக் கீபோர்டு நனைந்துபோனது. காயவைத்தாள், பழுது பார்த்தாள், சில மாதம் ஓட்டினாள். கடைசியில் இடது பக்கக் கட்டைகள் மொத்தமும் ஊமையாகிவிட்டன. கோயிலில் இருந்த பழசு அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர்த் திருவிழாவுக்கு மூன்று வாரம். புதிது வாங்க வழியில்லை. பழைய பொருள் விற்கும் இணையப் பக்கத்தில் தேடியபோது திண்டிவனத்தில் ஒன்று இருந்தது. அறுபத்தொரு கட்டை, மூன்று வருடப் பழசு, இருபத்திரண்டாயிரம் விலை. போனில் பேசிய ஆள் தன் பெயர் சீனுவாசன் என்றான்.

ஜெயம் தனியாகத்தான் போனாள். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே, மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கறுப்புப் பையைக் கட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கும். ஒல்லி.

"பாத்துக்கிங்கம்மா. ஜல்தியா முடிச்சிக்கலாம், எனக்கு வேற ஜோலி கீது."

"கரண்ட் இல்லாம இன்னாத்தப் பாக்குறது?"

பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டு அவர் கடைப் பிளக்கில் ஒயரைச் செருகினாள். பெஞ்சின் மேல் கீபோர்டை வைத்தாள். அறுபத்தொரு கட்டையையும் ஒவ்வொன்றாக முதலில் மெல்லத் தொட்டாள், பிறகு அழுத்தினாள். மேலே இருந்து மூன்றாவது வெள்ளைக் கட்டை மட்டும் லேசாகக் கிறீச்சிட்டது. அடாப்டர் ஒயரை ஆட்டிப் பார்த்தாள். சத்தத்தை முழுதாகக் கூட்டி ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று கேட்டாள். காதில் ஹெட்போன் மாட்டி அதையும் கேட்டாள். டீ குடிக்க வந்தவர்கள் வட்டமாக நின்றுவிட்டார்கள்.

"பொண்ணு பாக்க வந்தாக்கூட இத்தினி நேரம் பாக்க மாட்டாங்கம்மா" என்றான் அவன்.

ஜெயம் கீபோர்டைத் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கத்தில் நம்பர் ஒட்டியிருக்க வேண்டிய இடம் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. பசை மட்டும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"இங்க நம்பர் இருக்கணுமேங்க?"

"வூட்ல பசங்க கிழிச்சிட்டாங்க."

"பில்லு?"

"வெள்ளத்துல பூடுச்சி. எல்லாமேதான் பூடுச்சி."

வெள்ளம் என்றதும் அவளுக்கு மனம் இளகியது. ஆனாலும் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். பெயர், ஊர், போன் நம்பர், இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். எழுதினான். ஆதார் கார்டு கேட்டாள். எடுத்து வரவில்லை என்றான். சரி, கீபோர்டோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று போனைத் தூக்கியபோது அவன் முகம் மாறியது.

"இன்னாம்மா, திருடனை எடுக்கிற மாதிரி எடுக்கிற?"

"திருடன்தான் மூஞ்சிய மூடிக்குவான். உங்களுக்கு இன்னா? நேராப் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் வேறு வழியில்லாமல் நேராகப் பார்த்தான். போட்டோ எடுத்து முடித்ததும், அவள் பேரம் பேசுவதற்கு முன்பே, "சரி வுடும்மா, பதினாலு குடுத்துட்டு எடுத்துக்கினு போ" என்றான்.

இங்கேதான் ஜெயம் தவறினாள். பிற்பாடு யார் இந்தக் கதையைக் கேட்டாலும் இதை மறைக்காமல் முதலில் சொல்வாள். நம்பர் சுரண்டியிருந்ததை அவள் கண்கள் பார்த்தன. கேட்காமலே விலை விழுந்ததை அவள் காதுகள் கேட்டன. இது சரியில்லை என்று உள்ளே ஒன்று சொன்னது. ஆனால் திருவிழா கண் முன்னால் நின்றது, கட்டைகள் விரலுக்குப் பட்டுப்போல இருந்தன. தாள் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, நமக்கென்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வாங்கிவிட்டாள்.

மறுநாள் கடை மூடியபின் கீபோர்டின் மெமரியைத் திறந்தாள். வாசிக்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த டோன்களைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளும் இடம் அது. திரையில் ஆங்கில எழுத்தில் வரிசையாக வந்தது: பிரான்சிஸ் 1, பிரான்சிஸ் 2, பிரான்சிஸ் 3. நாலாவதில் மட்டும் வேறு பெயர்: கலை.

உடனே சீனுவாசன் நம்பருக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணு கேக்கணுங்க. பிரான்சிஸ் யாரு?"

போன் துண்டானது. மறுபடி அடித்தபோது சுவிட்ச் ஆஃப்.

இருதயராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"பேப்பர் கீது, போட்டோ கீது. உம்மேல இன்னா தப்பு? வுட்டுட்டுப் போவியா" என்றான்.

"தப்பு இல்லைன்னு நீ சொல்லாதய்யா. நம்பரைச் சுரண்டி வச்சிருந்ததை நான்தான் பார்த்தேன்."

"பிரான்சிஸ்னு ஜில்லாவுல ஆயிரம் பேர் இருப்பாங்க. எங்கன்னு தேடுவ?"

"ஆயிரம் பேர்ல எத்தினி பேருக்குக் கீபோர்டு காணாமப் போயிருக்கும்?"

பாடகர் குழுவில் அவளுக்கு நெருக்கமான அமலா வேறு விதமாகச் சொன்னாள். "திருவிழா முடியட்டுமே ஜெயம். நாம இன்னா வூட்டுக்கா வாசிக்கப் போறோம்? சாமிக்குத்தானே."

"இதை யாரு கையில இருந்து புடுங்கினாங்களோ அவங்களுக்கும் அதே சாமிதானே அமலா?"

அமலா பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

விழுப்புரம் மாவட்டத்தில் வாசிக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கோயிலில் வாசிக்கிறவர்கள், கல்யாணக் கச்சேரிக்குப் போகிறவர்கள், மைக் செட் வைத்திருப்பவர்கள் என்று இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் ஜெயம் தன் குரலில் பேசிப் போட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கங்க. முகையூர் ஜெயம் பேசறேன். திண்டிவனத்துல ஒரு பழைய கீபோர்டு வாங்கினேன். அது திருட்டுப் பொருள்னு இப்பத் தோணுது. உள்ளே பிரான்சிஸ்னு பேர் போட்டிருக்குது. உங்களுதா இருந்தாப் போன் பண்ணுங்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லணும். சொன்னாத்தான் தருவேன்."

எந்தக் கட்டை கிறீச்சிடுகிறது, நாலாவது மெமரியில் என்ன பெயர் என்பதையெல்லாம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாள். வாங்கும்போது தவறவிட்ட எச்சரிக்கையைத் திருப்பிக் கொடுப்பதிலாவது காட்ட வேண்டும் என்று நினைத்தாள். அது நல்லதாகப் போயிற்று. முதலில் பேசிய ஆள் அது தன்னுடையதுதான் என்று அடித்துச் சொன்னான். என்ன அடையாளம் என்றதற்கு, "கறுப்புக் கலருங்க" என்றான்.

"ஜில்லாவுல இருக்குற எல்லாக் கீபோர்டும் கறுப்புத்தாங்க" என்று வைத்துவிட்டாள். இரண்டாவது ஆள் பிரான்சிஸின் தம்பி என்றான், பிரான்சிஸுக்கு என்ன ஊர் என்றதும் திணறினான். மூன்றாவது ஆள் கொஞ்சமும் கூச்சமில்லாமல், திருட்டுப் பொருள்தானே, ஐயாயிரத்துக்குக் கொடு என்றான்.

நாலாவதாகப் பேசியவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மா, அனந்தபுரத்துல இருந்து பிரான்சிஸ் பேசறேன். அந்தக் கீபோர்டு என்னுது இல்லம்மா. ஆனா அதை வாசிச்சவன் நான்தான்."

"எந்தக் கட்டை கத்தும்?"

"மேல இருந்து மூணாவது வெள்ளை. மழைக்காலத்துல ஜாஸ்தியாக் கத்தும்."

"நாலாவது மெமரில இன்னா பேரு?"

"கலை. என் பொண்ணு பேருங்க, கலையரசி."

ஜெயம் கடை முகவரியைச் சொன்னாள்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு பிரான்சிஸ் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத சட்டை. கீபோர்டைத் தொடவில்லை. போட்டோவைத்தான் முதலில் கேட்டார். ஜெயம் போனில் காட்டியதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது சீனுவாசன் இல்லம்மா. முருகையன். எங்க குழு வேன் டிரைவர். எங்க முதலாளி ராஜாமணிக்குத் தங்கச்சி புருஷன்."

பிறகு நடந்ததைச் சொன்னார். ராஜாமணி விழுப்புரத்தில் இன்னிசைக் குழு நடத்துகிறவர். பிரான்சிஸ் அவரிடம் பதினோரு வருடமாகக் கீபோர்டு வாசித்தவர். இரண்டு மாதத்துக்கு முன் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு நிகழ்ச்சி. முடிந்ததும் கீபோர்டைப் பையில் போட்டு வேனில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது பை இல்லை. வேன் சாவி முருகையனிடம் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் மகளைக் கல்லூரியில் சேர்க்க பிரான்சிஸ் முன்பணம் கேட்டிருந்தார். பணத்தேவை யாருக்கோ அவன்தான் எடுத்திருப்பான் என்று ராஜாமணி எல்லார் முன்னாலும் சொன்னார். ஸ்டேஷனில் புகாரும் பிரான்சிஸ் பெயரைச் சொல்லியே கொடுத்தார்.

"மூணு நாள் ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்கம்மா. அடிக்கலை, பொய் சொல்லக் கூடாது. ஆனா எம் பொண்ணு தூக்குல சாப்பாடு எடுத்துக்கினு அங்க வந்து நின்னுது. அதைத்தான் என்னால மறக்க முடியல. அதுக்கப்புறம் ஒரு குழுவுலயும் என்னைக் கூப்பிடலை. இப்ப பெட்ரோல் பங்க்ல வேலை பாக்குறேன்."

"கிளம்புங்கண்ணா, ஸ்டேஷனுக்குப் போவலாம்" என்று ஜெயம் எழுந்தாள்.

பிரான்சிஸ் பயந்தார். "வேணாம்மா. நானும் நீயும் சேர்ந்து நாடகம் போடறோம்னு சொல்லுவாங்க. நீ பொருளை ராஜாமணிகிட்ட குடுத்துட்டு உன் பணத்தை வாங்கிக்க. நான் திருடலைன்னு உனக்குத் தெரிஞ்சுதே, அது போதும்."

"எனக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? அனந்தபுரத்துக்குத் தெரியணும், விழுப்புரத்துக்குத் தெரியணும். உங்க பொண்ணுக்கு யாரு சொல்றது?"

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். போனதும் ஜெயம் முதல் வேலையாக முருகையனின் போட்டோவையும் அவன் எழுதிக்கொடுத்த தாளையும் கலர் பிரிண்ட் எடுத்தாள். எட்டு பிரதி. இரண்டை அமலாவிடம் கொடுத்தாள். ஒன்றைக் கோயில் அலுவலகத்தில் ஒப்படைத்தாள். மற்றவற்றை அரிசிப் பானைக்குள் வைத்தாள். இருதயராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னா பேஜாரு புடிச்ச வேலை இது" என்றான். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்திருந்தான்.

அது நல்லதாயிற்று. அன்று மதியம் ராஜாமணி வந்தார். வாட்ஸ்அப் குழுவில் ஜெயம் பேசிப் போட்டதை அவரும் கேட்டிருந்தார். வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, உடன் வந்த இரண்டு பேரை வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நீதான் ஜெயமா? அது என் கீபோர்டும்மா."

"இருக்கலாங்க. பில்லு கீதா?"

அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கொண்டுவந்திருந்தார். ஜெயம் பில்லை வாங்கி மாடல் பெயர், வருடம், கடை முத்திரை எல்லாம் பார்த்தாள். பதற்றமில்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"சரிதாங்க. உங்களுதுதான்."

ராஜாமணி ஒரு கவரை மேஜைமேல் வைத்தார். "நீ குடுத்ததுக்கு மேலயே கீது. உனக்கு நஷ்டம் வேணாம். பொருளைக் குடு. அப்புறம் அந்தப் போட்டோவை என் கண்ணு முன்னாடி அழிச்சிடு. இது குடும்ப விஷயம், நான் பாத்துக்கறேன்."

போட்டோவைப் பற்றி அவள் வாட்ஸ்அப் குழுவில் சொல்லவே இல்லை; ஆக, விற்றது யார் என்று அவருக்குத் தெரியும். முன்பே தெரியுமா, குரல் பதிவைக் கேட்டபின் முருகையனை மிரட்டித் தெரிந்துகொண்டாரா என்பது ஜெயத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இப்போது தெரியும்.

"கீபோர்டு உங்களுதுங்க. ஸ்டேஷன்ல வச்சி வாங்கிக்கிங்க. போட்டோ என்னுது. அதைத் தரமாட்டேன்."

"இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பிரான்சிஸ் அண்ணன் எடுக்கலைன்னு அந்தக் குரூப்புல உங்க வாயால சொல்லுங்க. ஸ்டேஷன்லயும் அதையே எழுதிக் குடுங்க."

"என் தங்கச்சி புருஷனைத் திருடன்னு ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்றியா?"

"அவரைத் திருடன்னு சொல்லச் சொல்லலங்க. இவரைத் திருடன் இல்லைன்னு சொல்லச் சொல்றேன்."

ராஜாமணி எழுந்துவிட்டார். "உங்க ஆளுங்களுக்கெல்லாம் இப்ப வாய் ஜாஸ்தி ஆயிடுச்சி."

"வாய் எங்களுக்கு எப்பவும் இருந்துச்சிங்க. உங்க காதுக்குத்தான் இப்பக் கேக்குது."

"இனிமே நீ எந்த மண்டபத்துல வாசிக்கிறன்னு பாக்குறேன்."

இருதயராஜ் எழுந்து கவரை எடுத்து அவர் கையில் வைத்தான். "பாருங்க. இப்பக் கிளம்புங்க" என்றான். கவரை அவர் விரல்கள் மூடும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே பிரான்சிஸுக்குப் போன் செய்தாள். "நீங்க வந்தாலும் வராட்டியும் நான் நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறேண்ணா. நீங்க வந்தா நல்லா இருக்கும்."

அவர் வந்தார். மகள் கலையரசியையும் கூட்டிவந்தார். கீபோர்டைப் பையோடு தூக்கிக்கொண்டு இருதயராஜும் சேர்ந்து நாலு பேரும் விழுப்புரத்தில் அந்தப் புகார் பதிவாகியிருந்த ஸ்டேஷனுக்குள் போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஜெயம் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லக் குறுக்கிடாமல் கேட்டார். தாளையும் போட்டோவையும் பார்த்தார். கீபோர்டைத் திருப்பிச் சுரண்டிய இடத்தையும் பார்த்தார்.

"இது சுரண்டியிருக்குன்னு வாங்கும்போதே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சி வாங்கினா அதுவும் குற்றம். உன் மேலயே கேஸ் போடலாம், அது தெரியுமா?"

இருதயராஜ் அவள் புடவைத் தலைப்பை இழுத்தான். ஜெயம் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதுங்க மேடம். பார்த்தேன், பார்த்தும் வாங்கினேன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா இவர் பேரை எடுத்துட்டு, யாரு வித்தாங்களோ அவங்க பேரை எழுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் பிரான்சிஸைப் பார்த்தார். அவர் தலை குனிந்திருந்தது, மகள் தலை நிமிர்ந்திருந்தது. "உக்காருங்க எல்லாரும்" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

தானாகவே பொருளோடு வந்ததால் ஜெயத்தைச் சாட்சியாகச் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் முருகையனைத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். போட்டோவைக் காட்டியதும் ஒப்புக்கொண்டான் என்று சொன்னார்கள். இரண்டே வாரத்தில் ஜாமீனிலும் வந்துவிட்டான். கீபோர்டு வழக்குச் சொத்தாகக் கோர்ட்டுக்குப் போனது. அங்கிருந்து மனுப் போட்டு ராஜாமணி எடுத்துக்கொண்டார். ஜெயம் கொடுத்த பணம் திரும்பவில்லை. வழக்கு முடிந்தால் பார்க்கலாம் என்றார்கள். அது எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

பிரான்சிஸ் எடுக்கவில்லை என்று ராஜாமணி கடைசிவரை சொல்லவில்லை. ஓசையில்லாமல் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். ஜெயம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே பேசிப் போட்டாள்.

"முகையூர் ஜெயம் பேசறேன். அந்தக் கீபோர்டை அனந்தபுரம் பிரான்சிஸ் அண்ணன் எடுக்கலை. போலீஸ்ல வேற ஆள் பேரை எழுதிட்டாங்க. இவரைப் பத்திப் பேசினவங்க, இப்பவும் ஒரு வார்த்தை பேசுங்க."

அரைமணி கழித்து மைக் செட் வைத்திருக்கும் ஒருவர், "மன்னிச்சிக்கங்கண்ணா, நானும் நம்பிட்டேன்" என்று எழுதினார். அதன்பின் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் மகள் படித்துக் காட்டினாள் என்று பிரான்சிஸ் பின்னாளில் சொன்னார்.

திருவிழா வந்தது. கோயிலில் கீபோர்டு இல்லை. வாடகைக்கு எடுக்கலாம் என்று பார்த்தால் முகூர்த்த மாதம், எங்கும் கிடைக்கவில்லை. ஜெயம் பிடிவாதத்தால்தான் இப்படி ஆயிற்று என்று பாடகர் குழுவில் சிலர் வெளிப்படையாகவே முணுமுணுத்தார்கள். அவள் தபேலாவையும் கஞ்சிராவையும் மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டுகளின் சுருதியைத் தன் குரலால் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பாட்டு சரியாக வரவில்லை. ஒரு பாட்டில் சுருதி மேலே ஏறி, பெண்கள் எட்ட முடியாமல் நின்றுவிட்டார்கள். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒருவர், "கையில இருந்த கீபோர்டைத் தூக்கிக் குடுத்துட்டு இப்ப இப்படிப் பாட வேண்டியதாப் போச்சி" என்றார்.

"சொந்தத் தொண்டையிலதானே பாடினோம். அது யாருகிட்டயும் திருடினது இல்லையே" என்றாள் ஜெயம்.

ராஜாமணி சொன்னபடி செய்தார். போலீஸ் கேஸ் என்று இழுத்துவிடுகிறவள் என மண்டபக்காரர்களிடம் சொல்லி வைத்தார். நாலு மாதம் அவளுக்கு ஒரு நிகழ்ச்சியும் வரவில்லை. கடை மட்டும் ஓடியது. கோர்ட் வாய்தா வந்த நாளெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரம் போனாள். ஒருமுறை வராந்தாவில் முருகையனே பக்கத்தில் வந்து, "அக்கா, ராஜி ஆயிடலாம்க்கா, உன் பணத்தை நான் தந்துடறேன்" என்றான்.

"எனக்குத் தர்றது அப்புறம். அந்த மூணு நாளை அவருக்கு எப்படித் தருவ?" என்று கேட்டாள். அவன் நகர்ந்துபோய்விட்டான்.

சேர்த்துவைத்த காசில் மறுபடியும் பழையது ஒன்றைத்தான் வாங்கினாள். இந்த முறை கோட்டக்குப்பத்தில் ஒரு அம்மாளிடம். துபாயில் வேலை பார்க்கும் அவர் மகன் ஆசைக்கு வாங்கி இரண்டே மாதம் வாசித்த கீபோர்டு. அந்த அம்மாள் பில்லை உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அடியில் இருந்த நம்பரும் பில்லில் இருந்த நம்பரும் ஒன்றா என்று ஜெயம் மூன்று முறை பார்த்தாள். மகனோடு வீடியோவில் பேசி, விற்பது அவனுக்குச் சம்மதம்தானா என்றும் கேட்டாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ கேக்குறதுதான்மா முறை" என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். பிறகு, "உன் ஆதாரையும் காட்டு, நானும் உன்னைப் போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். ஜெயம் சிரித்துக்கொண்டே கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வாட்ஸ்அப் குழுவிலும் பழக்கம் மாறியது. இப்போது யார் பழைய வாத்தியம் வாங்கினாலும், முதலில் அதன் நம்பரையும் போட்டோவையும் அங்கே போட்டு இரண்டு நாள் பொறுக்கிறார்கள். அப்படி ஒரு டிரம் பேடும் ஒரு சாக்ஸபோனும் உரியவரிடம் திரும்பியிருக்கின்றன.

போன தை மாதம் மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஜெயத்தைக் கூப்பிட்டார்கள். இரண்டு கீபோர்டு வேண்டும் என்று சொல்லி பிரான்சிஸையும் அழைத்துப் போனாள். மேடையில் எல்லாம் அடுக்கி முடித்த நேரத்தில் நிகழ்ச்சிக்காரர் அவசரமாக வந்து காதோடு சொன்னார்.

"அக்கா, ராஜாமணி அண்ணன் வந்திருக்காரு. மாப்பிள்ளை வூட்டுக்கு வேண்டியவரு, முன்வரிசையில உக்காந்திருக்காரு. பிரான்சிஸைக் கொஞ்சம் பின்னாடி, டிரம்ஸ் பக்கம் உக்கார வச்சிக்கலாமா?"

ஜெயம் திரும்பிப் பார்த்தாள். ராஜாமணி அங்கேதான் இருந்தார். பிரான்சிஸ் இதைக் கேட்டுவிட்டுத் தன் ஸ்டாண்டைத் தூக்கக் குனிந்தார்.

"வைங்கண்ணா அதை" என்றாள் ஜெயம். பிறகு நிகழ்ச்சிக்காரரிடம், மைக்கில் கேட்கிற அளவுக்கே சொன்னாள்: "இவர் முன்னாடிதான் உக்காருவாரு. யாருக்குக் கஷ்டமா கீதோ அவங்க பின்னாடி போய் உக்காரட்டும்."

நிகழ்ச்சிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு இறங்கிப் போனார். ஜெயம் தன் ஸ்டாண்டைப் பக்கவாட்டில் தள்ளி, மேடையின் நடுவிடத்தைக் காலி செய்தாள். பிரான்சிஸ் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் ஸ்டாண்டைக் கொண்டுவந்து அங்கே போட்டு, உட்கார்ந்து, முதல் பாட்டை ஆரம்பித்தார்.